கத்திரி அக்காவின் பூசணிக்கொடி

தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்குவதில் அதிசயமில்லை. இந்த அக்காவின் கழுத்தில் அதோடு, கயிற்றில் கோத்த சின்னக் கத்திரி ஒன்றும் தொங்கும். பேசிக்கொண்டே இருப்பார், எதிரே நிற்பவர் சட்டையில் பிசிறு நூல் தெரிந்தால் கை தானாக நீளும், நறுக்! அதனால் தெருவுக்கே அவர் கத்திரி அக்கா. கல்யாணமான புதிதில் பயந்துபோய் மீசையைப் பொத்திக்கொண்டு தூங்கியதாக அவர் வீட்டுக்காரர், பஸ் டிரைவர், இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

குடியிருப்பது மூன்றாவது மாடி. ஜன்னலோரம் தையல் மெஷின், வாசலை ஒட்டி மொட்டைமாடிக்குப் படி. பனி விலகி, வெயில் தன் குணத்தைக் காட்டத் தொடங்காத அந்தக் கொஞ்ச நாளில்தான் விதை போட்டாக வேண்டும். அப்புறம் மாடி அடுப்பில் வைத்த கல்தான். டிரைவர் எங்கிருந்தோ தூக்கி வந்த ஓட்டை டிரம்மில் மண் நிரப்பி, அக்கா பூசணி விதை போட்டார். கொடி டிரம்மை விட்டு இறங்கி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணிக் கம்பத்தையும் வளைத்துப் பிடித்தது.

கீழ்வீட்டிலிருந்து, கட்டடத்துக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்து நின்றார்.

"கத்திரி, துணி காயப்போட இடமில்லன்னு ஆளாளுக்கு என் உயிரை வாங்குறாங்க. வெயில் ஏறதுக்குள்ள ஒரு காயாவது கண்ணுல காட்டு, கொடி இருக்கட்டும். இல்லன்னா டிரம்மோட தூக்கிடணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"காட்டுறேம்மா" என்றார் அக்கா. சொன்ன தேதிக்குத் துணி கொடுக்காமல் விட்டதில்லை அவர். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

கொடியில் இரண்டு தினுசாகப் பூ வந்தது. ஒன்று அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சோடு. மற்றது நீளக் காம்பில் வெறுமனே. அக்காவுக்கு இரண்டாவதைப் பார்த்ததும் பிசிறு நூலைப் பார்த்த மாதிரி இருந்தது.

"காய்க்கவும் மாட்டேங்குது, சத்தையும் உறிஞ்சுது. இதுங்க குடிச்சது போக பிஞ்சுக்கு என்ன மிஞ்சும்?"

தினமும் விடியலில், மொட்டு விரிவதற்கு முன்பே, நறுக், நறுக். கொடி சுத்தமாக, மடிப்புக் கலையாத சட்டைபோல இருந்தது. பிஞ்சுகள் மட்டும் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, சுருங்கி, விழுந்தன. எரு போட்டார். நிழலுக்குச் சேலை கட்டினார். விழுந்துகொண்டேதான் இருந்தன.

"பூ பூக்கறதுகூட தப்பாம்மா உன் ராஜ்ஜியத்துல?" என்றார் டிரைவர்.

"நீங்க வண்டியைப் பாருங்க. செடியை நான் பாத்துக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு மருத்துவமனைக்குச் சீருடை தைக்கும் வேலை வந்து தலையில் விழுந்தது. மெஷினை விட்டு எழ முடியவில்லை. தண்ணீர் மட்டும் டிரைவர் ஊற்றினார். சீருடைகளைக் கட்டி அனுப்பிய மறுநாள் காலை, அக்கா படியேறினார். வீட்டுக்காரம்மா வந்து தூக்கச் சொல்லும்வரை காத்திருக்க மனசில்லை. கொடியைத் தானே அறுத்துவிடலாம் என்றுதான் ஏறினார்.

மாடி முழுக்க மஞ்சள். வெட்டப்படாத பூக்களெல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறந்து நின்றன. ஒரு வெறும் பூவுக்குள் ஏதோ முனகியது. குனிந்து பார்த்தார். தேனீ. உள்ளே புரண்டு, தலையிலிருந்து கால்வரை மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு, பாரம் தாங்காமல் தள்ளாடி வெளியே வந்தது. பக்கத்தில் பிஞ்சோடிருந்த பூவுக்குள் நுழைந்தது. வெளியே வந்தபோது அந்தப் பூவின் நடுவில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க! மேல வாங்க. சத்தம் போடாம வாங்க."

பல் தேய்த்த நுரை வாயோடு ஓடிவந்த டிரைவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்போ இத்தனை நாளா நீ வெட்டினதெல்லாம் மாப்பிள்ளைங்களா?"

"சும்மா இருங்க. வேலை நடக்குது."

வாழ்நாளெல்லாம் துணியோடு துணியை இணைத்தவர் அக்கா. அளவெடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஊசி முறிந்து, விரலில் குத்து வாங்கி இணைத்தவர். இங்கே ஊசியில்லை, நூலில்லை. மரமே இல்லாத தெரு, சுற்றிலும் சிமென்ட். இதற்கு நடுவே ஒரே ஒரு கொடி இருப்பதை இந்த அரைவிரல்கூட இல்லாத உயிருக்கு யார் போய்ச் சொன்னது? அக்கா கழுத்துக் கத்திரியைக் கழற்றி டிரைவர் கையில் கொடுத்தார்.

அந்தப் பிஞ்சு மஞ்சளாகவில்லை. எலுமிச்சை அளவானது, கைப்பிடி அளவானது. வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கிய ஒரு காலையில், முழங்காலைத் திட்டிக்கொண்டே வீட்டுக்காரம்மா படியேறி வந்தார்.

"எங்க, காட்டு."

இலையை விலக்கிக் காட்டினார் அக்கா. வீட்டுக்காரம்மா குந்தினார். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல அவர் குரல் இறங்கியது.

"மேலெல்லாம் ரோமம்... பொறந்த புள்ளைக்கு இருக்கற மாதிரி. பறிச்சிக்கட்டுமா? முதல் காய்."

"வேண்டாம்மா. இது முத்தணும். விதைக்கு."

"காயைக் காட்டுன்னுதானே சொன்னேன். முத்தறவரைக்கும் கொடி இருக்கணுமே?"

"இருக்கணும். அடுத்த வருசமும்."

ஒரு தேனீ வந்து, இரண்டு பேருக்கும் நடுவே விரிந்திருந்த பூவுக்குள் இறங்கியது. வீட்டுக்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"துணியை அந்தப் பக்கம் கட்டிக்கச் சொல்றேன்" என்றார், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "கை குடு, எந்திரிக்கணும்."

அக்கா கை கொடுத்தார். வீட்டுக்காரம்மா அதைப் பிடித்துக்கொண்டாரே தவிர எழுந்திருக்கவில்லை. தேனீ இன்னும் வெளியே வரவில்லை.