படத்தில் ஐஸ் பெட்டி காட்டவில்லை

மூத்த பேரன் கனடாவில் இன்ஜினியர். பேத்தி அங்கேயே டாக்டருக்குப் படிக்கிறாள். சின்னவன் போன வாரம் நீச்சலில் மெடல் வாங்கியிருக்கிறான். அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கு வேறென்ன பெருமை வேணும்.

இந்த மாசம் மூணு படம் பார்த்தேன். பேய்ப் படத்தில் பயமே வரலை, பேய் ரொம்பப் பேசுது. வெட்டுக்குத்துப் படத்தில் செத்தவங்களுக்கு அழ ஒரு ஆள் இல்லை.

இன்னிக்குப் பக்கத்து வீட்டு மல்லிகாவோட போய் ஒரு குடும்பப் படம் பார்த்தேன். அம்மா சாகிறாள். வெளிநாட்டு மகன் அடுத்த சீனில் வந்து கதறுகிறான். தியேட்டரே அழுதது.

"என்னக்கா, உங்களுக்குக் கண்ணே கலங்கலை?"ன்னு மல்லிகா கேட்டாள்.

"நம்ம தெரு சரோஜா, மகன் வர்ற வரைக்கும் மூணு நாள் ஐஸ் பெட்டியில கிடந்தாளே. இதுல பெட்டியையே காட்டலையேடி."

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினதும் மல்லிகா பேச்சை மாத்தினாள். "மெடல் வாங்கின பேரனைக் காட்டுங்கக்கா."

போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன்.

"இதுல மடியில இருக்கிற குழந்தையா?"

அவன் கைக்குழந்தையா இருந்தப்ப எடுத்தது, அதுக்கப்புறம் வேற போட்டோ வரலை. பாலம் தாண்டுற வரைக்கும் ஆத்தையே பார்த்துக்கிட்டு வந்தேன்.

பேரப்பிள்ளைக் கண்ணுங்களா, நீங்களும் ஒருநாள் அவசரமா வருவீங்க. பெட்டிக்குள்ள இருந்து எனக்கு உங்க முகம் தெரியாது. இப்பவே புதுசா ஒரு போட்டோ போடுங்க.