வறுத்த மீனும் சாய்ந்த எழுத்தும்

முதலில் என் முட்டாள்தனம். கோவளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வரிசையாக இருக்கும் பன்னிரண்டு கடைகளின் பெயர்ப் பலகைகளைக் கெடுத்த புண்ணியவான் நான்தான். கட்டடத்தின் உரிமையாளர் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரிப் பலகை கேட்டார். செங்கல்பட்டில் என் பிளக்ஸ் கடையில், ஏசிக்கு அடியில் உட்கார்ந்து, மூக்குக்கு ஒரு முழம் தள்ளியிருந்த திரையில், சாம்பல் நிறத்தின் மேல் தலைமுடி கனத்துக்கு வெள்ளை எழுத்துகளை நட்டு வைத்தேன். நேராக நிற்கிற, அதிர்ந்து பேசாத எழுத்து. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அன்று டீயில்கூடச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னேன்.

அதோடு கட்டடத்தின் மேனேஜர் என்னிடமே ஒரு நோட்டீசும் அடித்து வாங்கிக்கொண்டார். இந்தப் பலகையைத் தவிர வேறு எதையும் மாட்டக் கூடாது என்று கடைக்காரர்களுக்கு உத்தரவு.

மூன்றே வாரம். அந்த வரிசையின் கடைசிக் கடையில் மீன் வறுத்து விற்கும் அக்கா, பஸ் பிடித்து என் கடைக்கே வந்துவிட்டார்.

"நைனா, நீதான போர்டு போட்டது?"

"ஆமா யக்கா," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"அதுல இன்னா எழுதிகீது?"

"மீன் வறுவல்னு."

"உனுக்குத் தெரியுது. காருல போறவனுக்குத் தெரியலியே. பழைய போர்டு இருந்தப்போ எண்ண காயறதுக்குள்ள நாலு வண்டி நிக்கும். இப்போ நானும் மீனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு குந்திகினு கீறோம். இப்டியே போனா அடுத்த மாசம் கடைய மூட வேண்டிதுதான்."

நான் நம்பவில்லை. மறுநாள் சோதித்துப் பார்க்கச் சென்னைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தேன். சன்னலோர இருக்கை. அக்காவின் பலகை தெரிந்ததும் எழுந்து இறங்குவதாகத் திட்டம். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு தேடினேன். பஸ் கோவளத்தைத் தாண்டித் திருவிடந்தையில் போய் நின்றது. பன்னிரண்டும் நான் பெற்ற பிள்ளைகள். ஒன்றுகூட அப்பனைப் பார்த்துக் கையாட்டவில்லை.

திரும்பி வந்து அக்காவின் கடைக்குள் நுழைந்தபோது, பழைய பலகை அடுப்புக்குக் காற்று மறைப்பாக நின்றிருந்தது. யாரோ ஒரு பெயிண்டர் கையால் எழுதியது. கொழுத்த எழுத்து, வலப்பக்கம் சாய்ந்தது, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சின்னதாக ஒரு பாதம். கல்பாக்கம் ரோட்டில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவனின் முதுகு அது. என் எழுத்து நின்றுகொண்டிருந்தது. இது வந்துகொண்டிருந்தது.

அன்றே முடிவு செய்தேன். என் சட்டத்தை நானே உடைப்பது.

அதிலும் முதலில் சொதப்பினேன். இருந்த எழுத்தையே கம்ப்யூட்டரில் ஒரு பட்டனால் கொழுக்க வைத்து, இன்னொரு பட்டனால் சாய்த்தேன். 'வ'வின் சுழி அடைத்துக்கொண்டது, 'ன்' களிமண் உருண்டை ஆனது. மொத்தத்தில், குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்த ஆள். பிறகுதான் பிறவியிலேயே தடித்துச் சாய்ந்த ஓர் எழுத்தை அதே கம்ப்யூட்டரின் மூலையில் தேடிப் பிடித்தேன். அதில் கோடு சுழிக்குள் நுழையும்போது தானாக இளைத்து, வெளியே வந்ததும் மறுபடி பெருக்கிறது. உள்ளே வெளிச்சத்துக்கு இடம் விடுகிறது. எவ்வளவு முரட்டுத்தனம், அதற்குள் எவ்வளவு நாசூக்கு!

இந்த எழுத்துக்கு நீளமாகக் கதை சொல்ல வராது. பக்கம் முழுக்கப் போட்டால் குழாயடிச் சண்டைதான். ஆனால் ஒரே ஒரு சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். 'ஆபத்து' என்று சொல்லட்டும், 'இன்றே கடைசி' என்று சொல்லட்டும், போகிறவன் திரும்பிப் பார்க்காமல் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சிவப்பில் மஞ்சளாக 'மீன் வறுவல்' ஏறியது. கடைசி ஸ்குரூவை முடுக்கும்போதே மேனேஜர் வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு மாத்துனீங்க? அதுவும் நீங்களே!"

"நான் பண்ண தப்ப நான்தான சார் மாத்தணும்?"

அவர் நோட்டீசை விரித்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். நான் அதைப் படிக்கவில்லை. பார்த்தேன். பத்து வரி, என் மெல்லிய நேர் எழுத்தில். நானே போட்டுக் கொடுத்து மறந்துபோன கடைசி வரி மட்டும் தடித்து, சாய்ந்து, பாதம் ஊன்றி நின்றது: மீறினால் கடை காலி செய்யப்படும்.

"சார், இந்த ஒரு வரிய மட்டும் ஏன் இப்படிப் போடச் சொன்னீங்க?"

"அப்பதானே கண்ணுல படும்?" என்றவர், நோட்டீசைத் தாழ்த்திக்கொண்டார்.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "மெரட்டறதுக்கு மட்டும் இந்த எழுத்து வோணும், மீன் விக்கறதுக்கு வோணாமா? கழட்டணும்னா மொதல்ல உன் நோட்டீச கழட்டு சார். அப்பால நானே ஏணி புடிக்கிறேன்."

பக்கத்துக் கடை டைலர் ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னார்: "அப்படியே எனக்கும் ஒண்ணு போடு அண்ணாத்த. பொண்டாட்டிகூட கடையக் கண்டுபுடிக்க முடியலன்றா."

ஜூஸ் கடைக்காரர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்றார். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு திரும்பி வந்து நோட்டீசை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த போர்டு இருக்கட்டும்மா," என்றார் அக்காவிடம்.

ஜெயித்த மப்பில் நான் சும்மா இருந்திருக்கலாம். "ஓனர் கேட்டா என்ன சார் சொல்வீங்க?" என்றேன், மார்பை நிமிர்த்தி.

"நீங்க மொதல்ல போட்ட போர்டு எதுவும் கண்ணுக்கே தெரியலன்னு சொல்லிடுறேன்."