மயிலையின் தலைக்கயிறு: வெள்ளகோவிலிலிருந்து தொண்டாமுத்தூருக்கு

சீக்கு மாட்டை வண்டியேற்றித் தூரத்து வைத்தியத்துக்குக் கொண்டுபோகலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். தொண்ணூறுகளின் பின்பாதி, பங்குனி மாதம். வெள்ளகோவிலில் என் அண்ணன் தோட்டத்து மயிலைப் பசு கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுவிட்டது. அதன்பின் தலை ஒருபக்கம் சாய்ந்தே இருந்தது. தீனி எடுக்கவில்லை, தூங்கவும் இல்லை. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? மறுநாளே அடிமாட்டு வியாபாரி வாசலில் வந்து நின்றான். அண்ணன் கல்யாணம் கட்டாதவர். அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணையே மயிலைதான்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், ஷீலா என்ற பாலக்காட்டு அம்மா கையை மட்டும் வைத்து விலங்குகளுக்கு வைத்தியம் செய்கிறார் என்று கேள்விப்பட்டோம். வெளிநாட்டில் படித்த வைத்தியமாம். கிரானியோசேக்ரல் தெரபி என்று பெயர். வாயில் நுழையாத பெயரென்றாலே எனக்குச் சந்தேகம். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

போகவர டெம்போ வாடகை தொள்ளாயிரம் ரூபாய். ஓட்டியவர் உக்கடத்து காதர் பாய். "வெறும் தகரத்துல நிறுத்துனா சறுக்கிப்போடுமுங்க. மணலைக் கொட்டி மேல வைக்கோல் போடுங்க" என்று அவர்தான் சொன்னார். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி காங்கேயம், பல்லடம், சிங்காநல்லூர், பேரூர் வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம். மாட்டுக்காக மெல்ல ஓட்டியதால் போய்ச் சேரப் பத்து மணியாகிவிட்டது.

ஷீலா அம்மா முதலில் தலைக்கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அண்ணன் அசையவில்லை. எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார், வாங்கியவர் புதுக்கயிறு போட்டு ஓட்டிப்போவார்.

"கயித்துக்கு அடியிலதான் கை வைக்கணும். அப்புறம் கட்டிக்கலாமே" என்றார் ஷீலா அம்மா.

அண்ணன் பசுவின் காதருகே குனிந்தார். "விக்கலடா கண்ணு, வைத்தியத்துக்குத்தான். போறப்ப கட்டிப்போடறேன்" என்று சொல்லிவிட்டு அவிழ்த்தார்.

அந்த அம்மா மயிலையின் பிடரியில் விரல்களை வைத்தார். பிறகு முதுகெலும்பு வழியாக வாலடி வரைக்கும். ஒரு ரூபாய் நாணயத்தின் எடைதான் அழுத்தம். இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அரைமணி கழித்து மயிலை நீளமாக மூச்சுவிட்டு, காலை மடக்கிப் படுத்துக் கண்ணை மூடியது. விழுந்த நாளிலிருந்து அதுதான் முதல் தூக்கம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"குணமாகும்னு சொல்ல மாட்டேன். உள்ளே அடி பலம். வலி கொஞ்சம் அடங்கியிருக்கும்" என்றார். அண்ணன் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் ஏறியது.

மதியம் கிளம்பும்போது மயிலை தானாக எழுந்து, அண்ணனைத் தொடர்ந்து டெம்போவுக்குச் சாய்த்திருந்த பலகையில் ஏறியது. "கவுறில்லாமயே பொறகால வருது பாரு அம்மணி!" என்று அண்ணன் என்னிடம் சொல்லிச் சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். ஏறியதும் மறுபடி படுத்துத் தூங்கிவிட்டது. எழுப்ப மனமில்லாமல் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார்.

பல்லடம் தாண்டி டீக்கு நிறுத்தினோம். பின்னால் போய்ப் பார்த்த அண்ணன் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். மயிலைக்கு மூச்சில்லை. அவர் அதன் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வித்துப்போட்டேன்னு நெனச்சுட்டே போயிருக்குமே அம்மணி."

"இல்லீங்கண்ணா, நிம்மதியாத் தூங்குச்சுங்க" என்றேன். காதர் பாய் டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தார்.

தோட்டத்திலேயே குழி வெட்டினோம். "செத்த மாட்டுக்கு எதுக்குங்க கவுறு?" என்று வெட்ட வந்தவர் கேட்டார். அண்ணன் குழிக்குள் இறங்கிக் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். அதன்பின் அவர் மாடே வாங்கவில்லை.

இந்த வைத்தியம் பலிக்குமா என்றால், சாகிற உயிருக்கு ஒரு தூக்கம் கிடைத்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முதலில் கால்நடை டாக்டரைப் பாருங்கள். வெயிலுக்கு முன்னே கிளம்புங்கள். மணலும் குடத்தில் தண்ணீரும் மறக்க வேண்டாம். திரும்பும்போது கயிற்றைக் கட்டிவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். மாடு தூங்கினால், எழுப்பியாவது கட்டிவிடுங்கள்.