இப்போதைக்கு அக்கா

என் நாத்தனாரின் நிஜப் பெயர் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'இப்போதைக்கு அக்கா' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். அவர் வீட்டு வசதி வாரியத்தின் பராமரிப்புப் பிரிவில் பிளம்பர். குழாய் ஒழுகுகிறது என்று யார் போய் நின்றாலும் வருவார், குனிவார், பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கி ஒரு கட்டுப் போடுவார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இப்போதைக்கு தாங்கும்" என்பார். அந்தப் பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

அவர் அரைகுறை வேலைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். புதுக் குழாய் வேண்டும் என்று வாரியத்துக்கு எழுதிப் போட்டால் குழாய் வராது. பரிசீலனையில் இருக்கிறது என்ற பதில்தான் வரும். பரிசீலனையை வைத்து ஓட்டையை அடைக்க முடியுமா? அதனால் டியூபும் சணலும் கையுமாக அலைந்தார். ஒரே ஒரு பிளம்பர், நாலு பிளாக், வீட்டுக்கு வீடு துருப்பிடித்த இரும்புக் குழாய். எந்தச் சாமர்த்தியசாலியாக இருந்தாலும் வேறு என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கல்யாணமாகி இந்த ஏ பிளாக்குக்கு வந்த வாரமே சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒழுக ஆரம்பித்தது. நாத்தனார் வந்து கட்டுப் போட்டார். கட்டு போதாது என்று பட்டிருக்க வேண்டும். ஒரு நீல வாளியைக் கொண்டுவந்து அடியில் வைத்து, "இப்போதைக்கு இது இருக்கட்டும்மா" என்றார். என் மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். வாளி இருந்த இடத்தில் இருந்தது.

"அண்ணி, உங்க இப்போதைக்கு சீக்கிரமே காலேஜுக்கு போயிடும் போல" என்பேன்.

"போகட்டுமே. ஃபீஸ் நீதான் கட்டணும்" என்பார்.

எங்கள் குடும்பம் ஒருமுறை நன்றாகவே ஆட்டம் கண்டது. ஊரில் வியாபாரம் படுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் மூடின. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையும் மூடியது. நான் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த விதம்தான் தாங்க முடியவில்லை. கதவு சத்தம் போட்டால் கதவோடு சண்டை, மழை பெய்தால் மழையோடு சண்டை. இரண்டும் இல்லாவிட்டால் என்னோடு. நல்ல மனுஷன், வேலை இல்லாமல் கெட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அரசாங்கம் ஊக்க நிதி என்று ஒன்றை அறிவித்தது. பழைய அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்கப் பணம் வரும், அந்த வேலையில் வேலை இழந்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு. வாரியத்து மேனேஜர் வழக்கம்போல மொத்தத்தையும் காண்டிராக்ட் விட்டுவிடலாம் என்றார். ஊழியர் கூட்டத்தில் என் நாத்தனார் எழுந்து நின்றிருக்கிறார். கூட இருந்த எலெக்ட்ரீஷியன், எங்களுக்கெல்லாம் 'ஃபியூஸ்', அதை நடித்தே காட்டினார்.

"சார், போன தடவை காண்டிராக்ட்காரர் ஈரச் சுவர் மேலயே பெயிண்ட் அடிச்சிட்டு போனார். அது உரிஞ்சு விழுந்தப்ப திட்டு வாங்கினது நாங்க. இந்த தடவை நாங்களே செஞ்சு, நாங்களே திட்டு வாங்கிக்கிறோமே."

மேனேஜர் சிரித்துவிட்டாராம். சிரித்த பிறகு மறுப்பது கஷ்டம். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார். ஏ பிளாக்கை மட்டும் வாரியத்து ஆட்களே செய்து காட்டட்டும். நிதி தரும் துறையிலிருந்து வந்து பார்ப்பார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் பி, சி, டி மூன்றும் இவர்களுக்கே. இல்லையென்றால் மிச்சம் காண்டிராக்டுக்குப் போகும், இதற்காகச் சேர்த்த தற்காலிக ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள்.

அந்தத் தற்காலிக ஆட்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். மறுபடி அவர் வீட்டுக்கு வந்து கதவோடு சண்டை போடுவதா வேண்டாமா என்பது ஏ பிளாக்கின் கையில் இருந்தது. வேலை நடந்த நாளெல்லாம் எனக்கு அந்த ஒரே நினைப்புதான்.

முதல் நாள் அவர் ஜம்மென்று தலை வாரிக்கொண்டு கிளம்பினார். நாத்தனார் மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க நான் உனக்கு அக்கா இல்ல. சுத்தியலை எடு. குளியலறை டைல்ஸ் எல்லாத்தையும் உடைச்சு கீழே இறக்கு."

சாயங்காலம் தலைமுடி முழுக்கத் தூசியோடு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கை கொப்புளம் கொப்புளமாக இருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கொஞ்ச நாளில் உடைக்கிற வேலையிலிருந்து கொத்தனாரோடு சேர்ந்து பதிக்கிற வேலைக்கு மாறினார். பதித்த டைல்ஸை விரலால் தட்டிப் பார்க்க வேண்டுமாம். உள்ளே வெற்றிடம் இருந்தால் 'டொக்' என்று காட்டிக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பொருள் தப்பவில்லை. சுவரைத் தட்டுவார், மேஜையைத் தட்டுவார், சாப்பிடும்போது தட்டைத் தட்டுவார்.

"என் தலையை மட்டும் தட்டிப் பாக்காதீங்க" என்றேன்.

"அது தட்டாமலே தெரியும்" என்றார். அவர் கிண்டல் பேசி எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது, திரும்பிக்கொண்டேன்.

ஏ பிளாக்கில் சமையலறைகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக இருக்கும். ஒரே குழாய் மொட்டைமாடியிலிருந்து தரைவரை இறங்குகிறது. அதனால் நாத்தனார் மாடி மாடியாக வேலை செய்யவில்லை. மேலிருந்து கீழே ஒரு வரிசை வீடுகளைக் காலி செய்து, அந்தக் குடும்பங்களைக் காலியாகக் கிடந்த வீடுகளில் குடிவைத்து, அந்த வரிசையை முடித்த பிறகே அடுத்த வரிசையைத் தொட்டார். முடித்தவுடன் அவரவர் வீட்டுக்கு அவரவர் திரும்பலாம். ஃபியூஸ் ஒவ்வொரு வீட்டிலும் நின்று, சுவிட்ச் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் சுவரைத் தொட்டார். ஒரு வீட்டில் புருஷன் இடது பக்கம் என்றும் பெண்டாட்டி வலது பக்கம் என்றும் சண்டை பிடிக்க, இரண்டு பக்கமும் வைத்துவிட்டு வந்தார்.

மேலே குடியிருந்த தையல்காரர் படிக்கட்டில் நின்றே கத்துவார்: "அக்கா, என் தொட்டியை கொஞ்சம் ஒசத்தி வைங்க. குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு."

"வைக்கிறேன். பேன்ட்டுக்கு அளவு எடுக்கிற மாதிரி உன் உயரத்துக்கு அளவு எடுத்துட்டு வா."

காண்டிராக்ட்காரர் வேலை முடிந்ததும் போய்விடுவார். இவர்களை மறுநாளும் படிக்கட்டில் பார்க்கலாம், சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். அது அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் வரிசையின் பழைய குழாயை வெட்டி இறக்கியபோது நானும் போய்ப் பார்த்தேன். உள்ளே துரு அடைத்து, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. வெளியே முழங்கை நீளத்துக்கு நாத்தனார் போட்ட கட்டுகள், கட்டுக்கு மேல் கட்டு. கறுப்பு டியூப், அதற்கு அடியில் சிவப்பு டியூப், அதற்கும் அடியில் கந்தல். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் வேலைக்கு சேர்ந்ததுல இருந்து செஞ்சது மொத்தமும் இதுலதான் இருக்கு" என்றார்.

வருத்தப்படுகிறாரோ என்று நினைத்தேன். காலால் ஒரு உதை விட்டுப் பழைய இரும்புக் குவியலில் தள்ளினார். "ஒழிஞ்சுது சனியன்."

வேலை முடிந்தது. நிதி தரும் துறையிலிருந்து ஒரு பொறியாளர் அம்மா காலையில் வந்தார். கெட்டவர் இல்லை, கறாரானவர். கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டி இருப்பது எங்கள் வீடு என்பதால் முதலில் எங்கள் வீட்டுக்குள்தான் நுழைந்தார். டைல்ஸைப் பார்த்தார், சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவைத் திறந்தார்.

உள்ளே பளபளவென்று புதுக் குழாய். அதற்கு நேர் கீழே நீல வாளி.

"ஒழுகுதா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் வாளி எதுக்கு?"

வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று, சாமான்களை அடுக்கும்போது, வாளியையும் அதன் இடத்தில் வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன் என்று ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. தொட்டி என்றால் அடியில் வாளி.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே சிவப்பு வாளி. மாடியில் ஒரு வீட்டில் பெயிண்ட் டப்பா, தையல்காரர் வீட்டில் அலுமினிய வாளி, அதற்கும் மேலே அடி நசுங்கிய அண்டா. ஏ பிளாக் மொத்தமும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வேலையைச் செய்திருந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். பொறியாளர் அம்மா படிக்கட்டில் நின்று நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"நீங்கதானே பிளம்பர்? நீங்களே சொல்லுங்க. இந்த குழாய் ஒழுகுதா இல்லையா?"

நாத்தனார் நிமிர்ந்து நின்று சொன்னார்: "இப்போதைக்கு ஒழுகல மேடம்."

கீழே நின்ற என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஃபியூஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்போதைக்குன்னா? அப்போ இது ஒட்டுப்போட்ட வேலையா?"

"ஐயோ, இல்ல மேடம். எல்லாமே புதுசு. மேலே இருந்து கீழே வரைக்கும் புதுசு. இப்போதைக்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை மாத வேலை அந்த ஒரு வார்த்தையில் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய் வாளியைத் தூக்கி வந்து பொறியாளர் அம்மாவின் காலடியில் வைத்தேன்.

"கை விட்டு பாருங்க மேடம்."

குனிந்து பார்த்தார். பாதி வாளிக்கு உருளைக்கிழங்கு. மண் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒன்றை எடுத்து உரசினார், தூசி பறந்தது.

அதற்குள் மற்றவர்களும் புரிந்துகொண்டார்கள். சிவப்பு வாளி வந்தது, நிறையத் துணி கிளிப். பெயிண்ட் டப்பாவில் ஷூ பாலிஷும் பிரஷும். அண்டாவில் பழைய செய்தித்தாள், ஒரு தாள்கூட நனைந்திருக்கவில்லை. கடைசியாகத் தையல்காரர் தன் அலுமினிய வாளியை இரண்டு கையாலும் பதமாகத் தாங்கிக்கொண்டு இறங்கினார். உள்ளே அவர் வீட்டுப் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"சொட்டுத் தண்ணி விழுந்தா இது இங்க படுக்குமா மேடம்?"

பொறியாளர் அம்மா பூனையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஒழுகலைன்னா எதுக்குதான் வெச்சிருக்கீங்க?"

"பழகிப் போச்சு மேடம்" என்றேன். "அவங்க பேரே இப்போதைக்கு அக்காதான். நல்ல குழாய் எப்படி இருக்கும்னு எங்களுக்கும் தெரியாது, அவங்க நாக்குக்கும் தெரியாது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்துவிட்டுப் போய்விடவில்லை. எல்லா வீட்டிலும் தொட்டியை நிரப்பச் சொல்லி, ஒரே நேரத்தில் திறந்துவிடச் சொல்லி, டார்ச்சோடு ஒவ்வொரு குழாய்க்கு அடியிலும் தலையை நீட்டிப் பார்த்தார். பிறகு மேனேஜரோடு அலுவலகத்துக்குப் போனார். நாத்தனாரையும் வரச் சொன்னார்.

அன்று மதியம் எங்கள் இருவருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் தான் பதித்த டைல்ஸையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். வெயில் இறங்கிய பிறகு நாத்தனார் வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். நேரே சமையலறைக்குப் போய், நான் மறுபடியும் தொட்டிக்கு அடியில் வைத்திருந்த வாளியை இழுத்து, உருளைக்கிழங்கை மேடையில் கொட்டினார்.

"இதை நான் எடுத்துட்டு போறேன். நான் வெச்சதுதானே."

"அக்கா, வாளியை விடு. வேலை என்னாச்சு?" என்றார் என் வீட்டுக்காரர்.

நாத்தனார் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை உதடு வரை வந்ததை நான் பார்த்தேன். அதை அப்படியே விழுங்கினார்.

"பி, சி, டி மூணும் நம்மளுது. உனக்கு வேலை இருக்குடா."

"எவ்வளவு நாளைக்கு?"

"இருக்குன்னு சொல்றேன்ல."

டி பிளாக் முடிந்தால் அந்தப் பணமும் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும். ஆனால் அவர் வாயிலிருந்து 'இப்போதைக்கு' என்ற ஒட்டு இல்லாமல் ஒரு உத்தரவாதம் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இன்னொரு முறை டைல்ஸைத் தட்டினார். அழுகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கண்டுகொள்ளவில்லை.

நாத்தனார் வாளியை ஆட்டிக்கொண்டே வெளியே போனார். படிக்கட்டில் தையல்காரர் மடக்கினார்.

"என்னக்கா, வாளியோட கிளம்பிட்டீங்க? அதான் இனிமே ஒழுகாதே."

"இங்க ஒழுகாது. பி பிளாக்குல கொட்டுது. இப்போதைக்கு அங்க வெக்கணும்."