கறுப்புக் கோட்டுத் துணி

அறந்தாங்கியில் வாத்தியார் வேலையில் சேரும் நாள் காலை, என் ஒட்டுப்போட்ட போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். சேலைத் துண்டுகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோட்டுத் துணி விரலில் சொரசொரவென்று பட்டது. உடனே மனசு நான் படித்த நாலாம் வகுப்புக்குப் போய்விட்டது.

ஆவூர்ப் பக்கத்தில் எங்கள் ஞானம்மா டீச்சர், பழந்துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் சிநேகிதிகளுக்கும் கொடுப்பார். வீட்டில் நேரம் போதாது. அதனால் நாங்கள் வாய்ப்பாடு சொல்லும்போதும் அவர் ஊசி ஓடும். தப்பாகச் சொன்னால் ஊசி நின்றுவிடும், நாங்களே திருத்திக்கொள்வோம்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"இது பள்ளிக்கூடமா, தையக்கடையாம்மா? வேலை போயிரும், தெரியும்ல?"

டீச்சர் துணியைக் கீழே வைத்தார். "பிள்ளைகளக் கேட்டுப் பாருங்கய்யா."

பதினாறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தோம். ஊசி ஓடவில்லை. எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து, சரியாகச் சொன்னதையும் மாற்றி மாற்றிச் சொன்னோம். இன்ஸ்பெக்டர் எழுதப் பேனாவைத் திறந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "தைங்க டீச்சர்! நீங்க நிறுத்துனா தப்புன்னுல்ல நெனைக்கிறோம்!"

அவர் பேனாவை மூடினார். "சரி, தைங்கம்மா. பாப்போம்."

ஊசி ஓடியது. பதினாறு பதினாறு இருநூற்றைம்பத்தாறு வரை ஒரே மூச்சில் போனோம்.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டரிடமிருந்து டீச்சருக்கு ஒரு பொட்டலம் வந்தது; உள்ளே அவருடைய பழைய கோட்டு. நான் வாத்தியார் டிரெயினிங்குக்குக் கிளம்பியபோது டீச்சர் தந்த போர்வையில் அதன் துண்டும் இருந்தது.

எனக்குத் தைக்க வராது. பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் அதட்டாமல் சற்று நின்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். அவர்களே திருத்திக்கொள்வார்கள்.