அருவிக்கு அடியில் ஏச்சு

அறுபதுகளில் தென்காசி கால்பந்து அணிக்கு நான் புது கோல்கீப்பர். செங்கோட்டையோடு இறுதி ஆட்டம். சாரலில் நனைந்த பந்து என் கையிலிருந்து வழுக்கிக் கோலுக்குள் போனது. தோற்றோம். அணியில் என்னை அடிக்காத குறைதான்.

பல வருஷமாக அணியை நடத்திவந்த மேனேஜர் அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

"ஏலே, இங்கன ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. ஏசணும்னா குத்தாலத்துல வச்சு ஏசுங்க."

தோற்றால் அதுதான் அவர் வழக்கமாம். எங்களைப் பஸ்ஸில் ஏற்றிப்போய், எண்ணெய் தேய்க்கச் சொல்லி, பேரருவிக்கு அடியில் நிறுத்தினார். மற்ற பத்துப் பேரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். தண்ணீர் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கத்தக் கத்த அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த அண்ணாச்சியின் வாயும் வெகுநேரம் அசைந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் தன் துண்டால் என் தலையைத் துவட்டினார்.

"என்ன ஏசினீங்க அண்ணாச்சி?"

"அதத் தண்ணி கொண்டு போயிட்டுல்லா. நாளைக்குப் பிராக்டிஸுக்கு வந்துரு."

அந்த அணி எப்படி அத்தனை காலம் உடையாமல் இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அவர் என்ன ஏசினார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அடுத்த ஆட்டத்திலும் கோலுக்கு முன்னால் என்னைத்தான் நிறுத்தினார்.