கட்டைவிரலில் ஒரு பிரேக்

மோட்டார் சைக்கிள் வீட்டுக்குள் வந்த அன்று தையல்காரருக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. வெளியே குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும் குளிர். வாசற்கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாத்தி, படிகளின்மேல் இரண்டு பலகை போட்டிருந்தார்கள். மச்சினன் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தான். தையல்காரர் பின்னாலிருந்து தள்ளினார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்ற அவர் மனைவி அதிகாரம் செய்தாள்.

"இடப்பக்கம்... உங்க இடப்பக்கம் இல்லீங்க, வண்டியோட இடப்பக்கம்!"

"அதுக்கு எது இடப்பக்கம்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லு" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

சோபா படுக்கையறைக்குப் போயிற்று. சாப்பாட்டு மேசை சுவரோடு ஒண்டிக்கொண்டது. அவருடைய தையல் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், பழைய போர்வை ஒன்றின்மேல், வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி வண்டி ஜம்மென்று நின்றது. பார்வைக்கு அது அந்தக் காலத்து வண்டி. வட்ட விளக்கு, கண்ணீர்த்துளி மாதிரி டாங்க், கம்பி போட்ட சக்கரம் எல்லாம் இருந்தன. எஞ்சின் மட்டும் இந்தக் காலத்தது. பாட்டன் சட்டையைப் பேரன் போட்டுக்கொண்டது போல என்று தையல்காரர் சொல்வார்.

அவர் மனைவி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவள் கைபட்டுத்தான் ஏறி இறங்கியது. "மேல போறதும் கீழ வர்றதுமே என் பொழப்பு, இதுல வாழ்க்கையில ஏற்ற இறக்கம்னு தனியா வேற வேணுமா?" என்பாள். 'லிஃப்டக்கா' என்றால்தான் ஊரில் அவளைத் தெரியும். அவர்கள் சந்தித்ததே லிஃப்டில்தான். திரைச்சீலை மூட்டையோடு இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தையல்காரர், உயிர் போய்விட்டது என்றே முடிவுகட்டி உட்கார்ந்திருந்தார். கூரையில் ஒரு மூடி திறந்தது. கிரீஸ் அப்பிய ஒரு முகம் எட்டிப் பார்த்து, "நல்லா மூச்சு விடுங்க, காத்து நிறைய இருக்கு" என்றது. அவர் உயரத்துக்குப் பயப்படுவார், நாய்க்கும் வேகத்துக்கும்கூட. அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒருத்தி வாய்த்தது எப்படி என்று கேட்பவர்களிடம், "மாட்டிக்கிட்டேன், அவ காப்பாத்தினா, மறுபடியும் மாட்டிக்கிட்டேன்" என்று சொல்வார்.

அந்த வண்டியை அவள் ரொம்ப நாள் ஆசைப்பட்டு வாங்கினாள். ஒரே ஒரு கோடைதான் ஓட்டினாள். பிறகு வந்த குளிர்காலத்தில் வேலை முடித்துக் கட்டடத்தை விட்டு வெளியே வரும்போது, பனி உறைந்த படியில் வலது கால் வழுக்கியது. கணுக்கால் சுக்குநூறாகிவிட்டது. தகடு வைத்து, எலும்போடு எலும்பைச் சேர்த்து ஒட்டிவிட்டு, "நடக்கலாம். ஆனா இந்த மூட்டு இனி மடங்காது" என்றார் டாக்டர். எத்தனையோ உயரத்தில் ஏணிமேல் நின்று வேலை பார்த்தவள், தரையோடு இருந்த ஒரு படியில் விழுந்தாள்.

கம்பெனி அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தொலைபேசியைக் கொடுத்தது. லிஃப்டில் சிக்கியவர்கள் கூப்பிடுவார்கள். "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால் பேசவே மாட்டாள். பேச்சு அங்கேயே தீர்ந்துவிடும்.

கொட்டகையில் வண்டி துணி போர்த்திக் கிடந்தது. தையல்காரருக்கு அதில் உள்ளூர ஒரு நிம்மதி. 'வித்துடலாமே' என்று பக்குவமாக எடுத்துச் சொல்லி, வாங்க ஓர் ஆளையும் வரவழைத்துவிட்டார். வந்தவர் ஏறி உட்கார்ந்தார், ஆட்டிப் பார்த்தார், வலது காலால் பின் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை மிதிங்க."

அவர் மிதித்தார்.

"வலது காலுக்கு வேற வேலையே இல்லை, இல்ல?" என்றாள் அவள். யாரிடம் கேட்டாள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. "கிளட்ச் இடது கைக்கு. கியர் இடது காலுக்கு. முன் பிரேக் வலது கைக்கு. வலது காலுக்கு இந்த ஒரு மிதிதான். மன்னிச்சுக்கோங்க, வண்டியை விக்கலை."

அவர் போனபின், கார் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்த அவள் தம்பி வாய் தவறிச் சொல்லிவிட்டான்: "முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதையால்ல இருக்கு, அக்கா..." சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஏறித்தான் எடுக்கணும்னு சட்டமா?" என்றாள் அவள். "கொம்பை வளைச்சுட்டாப் போச்சு."

அப்படித்தான் வண்டி கூடத்துக்கு வந்தது. கொட்டகைக் குளிரில் விரல் விறைத்துவிடும். கையில் பிடித்த திருகாணி கீழே விழுந்ததுகூடத் தெரியாது.

அவள் கணக்கு எளிமையானது. இடது கைக் கட்டைவிரல் சும்மாதான் இருக்கிறது. பின் பிரேக்கை அதற்குக் கொடுத்துவிட வேண்டும். பந்தய வண்டிகளில் அப்படி உண்டாம். கட்டைவிரலால் அழுத்தும் சின்ன நெம்புகோல் ஒன்றை, பழைய சாமான் விற்பவரிடம் தேடிப் பிடித்தாள். அது இந்த ஹேண்டில்பாரின் பருமனுக்குச் சேரவில்லை. அலுமினியக் கட்டி ஒன்றை வாங்கி, சாப்பாட்டு மேசையில் இடுக்கி வைத்து, அரத்தால் ராவி ராவித் தானே ஒரு பிடிப்பு செய்தாள். சாதத்தில் அலுமினியப் பொடி இருக்குமோ என்று தையல்காரர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்.

முதல் பிடிப்பு கோணல். இரண்டாவதில் ஹார்ன் பொத்தான் எட்டவில்லை. மூன்றாவது சரியாக உட்கார்ந்தபோது அவள் கூவிய கூவலில், துணி வெட்டிக்கொண்டிருந்த அவர் கத்தரிக்கோல் ஒரு வாடிக்கையாளரின் கோட்டுக்கை வரை போய்விட்டது.

வலது காலை வைக்கும் கட்டையையும் அவள் விட்டுவைக்கவில்லை. மடங்காத பாதம் எந்தக் கோணத்தில் நிற்குமோ அந்தக் கோணத்துக்கு அதை முன்னால் நகர்த்தி, கீழே இறக்கினாள். பிறகு கூடத்தில் நிற்கும் வண்டிமேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு பழகினாள். கிளட்ச், கட்டைவிரல், கியர். கட்டைவிரல், கிளட்ச். தையல் மெஷினின் கடகடப்புக்கு நடுவே அந்த 'டக் டக்' கேட்டுக்கொண்டே இருக்கும். கால்சட்டை நீளம் குறைக்க வந்த ஒருவர் தன் கோட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். "ஹேங்கர் அந்தப் பக்கம். இது நான் ஓட்டிட்டிருக்கற வண்டி" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

சீட்டு விஷயத்தில்தான் தையல்காரர் மாட்டினார். சீட்டு உயரம் அதிகம், கால் ஊன்ற வாகாக வலப்பக்கம் ஒடுங்க வேண்டும், மெத்தையைச் செதுக்கி மேலே புதுத் தோல் தைக்க வேண்டும் என்றாள்.

"நான் மனுஷங்களுக்குத் தைக்கறவன்மா."

"உட்காரப்போறது மனுஷிதானே?"

தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். "சரி, ஏறி உட்காரு. அளவு எடுக்காம நான் எதையும் வெட்டமாட்டேன்." கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு எத்தனையோ உடுப்பு தைத்திருக்கிறார். ஆனால் அன்று சுண்ணக்கட்டியால் போட்ட கோட்டை இரண்டு முறை அழித்துவிட்டுப் போட்டார். அவளை வீட்டைவிட்டு வேகமாக வெளியே அனுப்பப்போகிற ஒன்றுக்குத் தன் கையாலேயே தையல் போடுகிறோமே என்று இருந்தது. ஊசிகள் உடைந்தன. கடைசியில் செருப்புத் தைக்கிற ஊசியால் கையாலேயே தைத்து முடித்தார். வேலை சுத்தமாக வந்திருந்தது. அதை அவராலேயே ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

மச்சினன் டாங்க்குக்கு நனைந்த இலை மாதிரி ஓர் அடர்பச்சை அடித்து, குழந்தையைத் தூக்கி வருவது போலக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து பொருத்தினான். பின் பிரேக்கின் குழாயில் புது எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவது ஒன்றுதான் மிச்சம்.

"அந்தப் பாட்டிலைத் தள்ளிப் பிடிங்க. இந்த எண்ணெய் பட்டா பெயிண்ட் உரிஞ்சுடும்" என்று அவள் முன்கூட்டியே எச்சரித்தாள். கீழே குனிந்து திருகாணியைத் திறந்தாள். தையல்காரர் பாட்டிலோடு நின்றார். வாசல் மணி அடித்தது. யார் என்று திரும்பினார். முழங்கை ஹேண்டில்பாரில் இடித்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. பாட்டில் டாங்க்கின்மேல் கவிழ்ந்தது.

"தண்ணி! தண்ணி ஊத்துங்க!"

அவர் பதறிப்போய்த் துணியால் துடைத்தார். அதனால் அது இன்னும் பரவியது. பச்சை நிறம் அவர்கள் கண்முன்னாலேயே பாலாடை மாதிரி சுருங்கி எழுந்தது.

அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே அவர் முகத்தைப் பார்த்தாள். "வேணும்னே பண்ணினீங்களா?"

'இல்லை' என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. அந்த ஒரு கணம் கொட்டிய எண்ணெயைவிட அதிகமாகச் சேதம் செய்தது. அவள் கைத்தடியைத் தேடி எடுத்து எழுந்து, படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசலில் நின்ற வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, தையல்காரர் அந்தக் கதவுக்கு வெளியே நின்றார். பிறகு சொன்னார்.

"கை தெரியாமத்தான் தட்டுச்சு. சத்தியமா. ஆனா அது கொட்டினப்போ உள்ள ஏதோ ஒரு மூலையில 'அப்பாடா'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அதை மறைச்சுட்டு உன்கிட்ட இல்லைன்னு சொல்ல வாய் வரல."

உள்ளே கைத்தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

"எனக்கு மட்டும் பயம் இல்லேன்னா நினைச்சீங்க?" என்றாள். கண் சிவந்திருந்தது. "கண்ணை மூடிக்கிட்டு அதுமேல உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிதான் தெரியுது. நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பயப்படாதீங்கன்னு சொல்றேன். எனக்குச் சொல்ல யார் இருக்கா?"

"நான் சொல்லுவேன். ஆனா நான் சொன்னா நீயே நம்பமாட்டியே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. "நீங்க பயத்தோடயே கூட நில்லுங்க. போதும்."

மச்சினன் டாங்க்கைத் திரும்ப எடுத்துப்போய் அடித்துத் தருவதாகச் சொன்னான். தையல்காரர் விடவில்லை. "கொட்டினவன் நான், சுரண்டறவனும் நான்தான், மாப்ளே." துணியும் நூலும் தவிர வேறு எதையும் தொட்டறியாத கை, உப்புத்தாளால் அந்தப் பச்சையைத் தேய்த்தது. விரல் நுனிகள் தோல் உரிந்து, மறுநாள் ஊசியில் நூல் கோக்கவே சிரமமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. பச்சை போய், அடியில் இருந்த வெள்ளைப்பூச்சும் போய், தகடு மெல்ல வெளிப்பட்டது. அப்போதுதான் டாங்க்கின் அடிவயிற்றில், இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த கோடு கண்ணில் பட்டது.

"இங்க வா, இங்க வா! இதுலயும் தையல் இருக்கு!"

அவள் வந்து பார்த்தாள். விரலால் அந்தக் கோட்டைத் தடவினாள். பிறகு முழு டாங்க்கையும் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அது மழைமேகத்தின் நிறத்தில் இருந்தது.

"பெயிண்ட் வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

துருப் பிடிக்காமலிருக்க மச்சினன் நிறமில்லாத பூச்சு ஒன்றை மட்டும் அடித்துக் கொடுத்தான். தன் பச்சைக்காக இரண்டு நாள் துக்கம் அனுசரித்துவிட்டு, "பச்சையைவிட இது நல்லாத்தான் இருக்கு, மாமா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று காதோடு சொன்னான்.

பனி உருகியதும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். அமைப்பை மாற்றிய வண்டியை அதிகாரி பார்த்துச் சரி என்றால்தான் சாலையில் ஓட்டலாம். அதிகாரி குனிந்து வலப்பக்கம் தேடினார்.

"பின் பிரேக் எங்கம்மா?"

அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"சந்தோஷம். பிரேக் எங்கேன்னு கேட்டேன்."

"அதாங்க சார், இது!"

விஷயம் புரிந்ததும் அவர் தன் கையாலேயே நெம்புகோலை அழுத்திப் பார்த்தார். பிரேக் சரியாகப் பிடித்தது. ஆனால் பிரேக் குழாயைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்ததைப் பார்த்து, முடியாது என்று தலையாட்டிவிட்டார். சூட்டில் இளகும், உலோகக் கவ்வி போட்டுக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். வழியெல்லாம் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். "அவர் சொன்னது சரி. நானே இன்னொருத்தர் வேலையில பார்த்திருந்தா விட்டிருக்கமாட்டேன்." கவ்வி போட்டு மறுபடியும் போனார்கள். இந்த முறை அதிகாரி அவளை மைதானத்தில் ஓட்டச் சொன்னார். பின் பிரேக்கை மட்டும் பிடித்து வெள்ளைக்கோட்டில் நிறுத்த வேண்டும்.

தையல்காரர் வேலியோரம் நின்றார். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பயத்தோடு கூட நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டவன் கண்ணை மூடினால் அது நிற்பதாகாது என்று தோன்றவே, திறந்தே வைத்திருந்தார். வண்டி வந்தது. கோட்டில் நின்றது. மடங்காத பாதம் தரையில் அழுத்தமாக ஊன்றியது. அதிகாரி இன்னொருமுறை நிறுத்தச் சொன்னார். அப்போதும் கோட்டில்தான் நின்றது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, சீட்டைத் தட்டிப் பார்த்து, "எங்க தைச்சீங்க?" என்று கேட்டார். தையல்காரருக்கு ஒரு சாண் உயரம் கூடியது.

கம்பெனியில் ஏணி ஏற அவளுக்கு இனி அனுமதி கிடையாது. அவளும் அதைக் கேட்கவில்லை. நெரிசலில் மெக்கானிக்கின் வேன் ஊர்ந்து வருவதற்குள், தான் வண்டியில் முன்னால் போய்ச் சேர்ந்துவிட முடியும் என்று மேலாளரிடம் சொன்னாள். உள்ளே சிக்கியவர்களோடு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, மெக்கானிக் வரும்வரை பேசிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டாமா என்று கேட்டாள். மேலாளர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அதன்பின் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலை அவளுடையதாகிவிட்டது.

இப்போது வீட்டுக்கு வந்தால் அவள் வாய் ஓய்வதில்லை. நேற்று ஒரு பாட்டு வாத்தியார் மாட்டிக்கொண்டாராம். பயத்தில் அவர் பாட ஆரம்பிக்க, மூன்றாம் மாடியில் கூட்டம் கூடிவிட்டதாம். மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது, பாட்டு முடியட்டும் என்று ஜனங்கள் அவனை நிறுத்திவைத்தார்களாம்.

தையல்காரருக்குப் பயம் போய்விடவில்லை. தெருமுனையில் எஞ்சின் சத்தம் கேட்கும்வரை அவர் மெஷின் தப்பும் தவறுமாகத்தான் ஓடும். பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் யாராவது, "ஏங்க, இந்த வயசுல, இந்தக் காலோட அவங்களுக்கு மோட்டார் சைக்கிள் எதுக்கு?" என்று கேட்டால் மட்டும் தையலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"எங்கயோ யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க. இவ போகணும்ல?" என்பார். "கையைத் தூக்குங்க, அளவு எடுக்கணும்."